ஒத்து வராத கமரா

எங்கள் வீட்டுக் கணினியோடு ஒத்து வராமல் போன கமராக்கள் மொத்தம் நான்கு. நான்காவதன் பெட்டி திறக்கப்படவேயில்லை. ஆனாலும் அதையும் சேர்த்தே எண்ணுகிறேன். அது ஒத்து வந்திருக்காது என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். ஒத்து வந்தது ஒன்றே ஒன்று. அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வீட்டில் என்னைக் ‘கிழவன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோழிகள் கூட்டுக்குள் போனதும் ஒரு தடவை, கதவு சாத்திய பிறகு சந்தேகத்தில் இன்னொரு தடவை எண்ணுவேன். தேற்றாத்தீவுச் சந்தியிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் மின்கம்பங்கள் எத்தனை, வாவிப் பக்கத்து வேலியில் நட்ட கதியால் தடிகள் எத்தனை, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை பெருமூச்சு விடுகிறாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மழை இருட்டினால் எந்த ஓடு ஒழுகப்போகிறதென்று முன்கூட்டியே கவலைப்பட்டுச் சட்டியைக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். இப்போது இருபத்தெட்டு வயதில் தலையில் பதினேழு நரை இருக்கிறது. பெயர் மெதுவாக உடம்புக்கு வந்து சேர்கிறது.

அப்பா கட்டாரில் இருந்தார். உயரமான கட்டிடங்களைச் சுற்றி இரும்புக் குழாய்களால் சாரம் கட்டுகிற வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். போவதற்கு முன் ஒரு கணினியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார். அதன் தலையில் குந்தியிருந்தது முதலாவது கமரா. இணையத்துக்கு டொங்கிள் வந்த புதிது. அதை நீளமான வயரில் கட்டி வாவிப் பக்கத்து யன்னலில் தொங்கவிட்டால்தான் சிக்னல் பிடிக்கும். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு. எங்களுக்குப் பின்னேரம் நாலரை ஆகும்போது அங்கே இரண்டு மணி. அறைத் தோழர் ஒருவரின் மடிக்கணினிக்கு முன்னால் தலை வாரி, பவுடர் பூசி உட்கார்ந்திருப்பார். என்னைக் கதவு நிலையோடு சாய்ந்து நிற்கச் சொல்லுவார். நிலையில் பென்சிலால் கீறியிருந்த கோடுகளைப் பார்த்து, “கால் அங்குலம் கூடியிருக்கான்” என்று அம்மாவிடம் தீர்ப்புச் சொல்லுவார். அந்தக் கால் அங்குலத்துக்காக ஒரு கிழமை முழுவதும் நான் பப்பாளி சாப்பிட்டிருப்பேன்.

அப்பா போய்ப் பதின்மூன்றாவது மாதத்தில் அம்மா முதல் தடவை கொழும்புக்குப் போனாள். கண் காட்டப் போவதாகச் சொன்னாள். அம்மாவின் தம்பிதான் துணைக்குப் போனார். மாமா களுவாஞ்சிக்குடியில் ஒரு கணினிக் கடையில் திருத்த வேலை செய்தார். கலியாணம் முடிக்கவில்லை, எங்களோடுதான் இருந்தார். இரவு பஸ்ஸில் போய் அடுத்த நாள் இரவு பஸ்ஸில் திரும்புவார்கள். இப்படி மூன்று தடவை. கண்ணாடி ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை காட்டியும் கண்ணாடி கொடுக்காத டொக்டர் கெட்டிக்காரராக இருக்க முடியாது என்று நான் அபிப்பிராயம் சொன்னேன். மாமா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை.

மூன்றாவது பயணம் முடிந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா ஒரு சீடியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“வைரஸ் தின்னிட்டுதுடா கிழவா. எல்லாத்தையும் வேரோட புடுங்கிட்டு வேற போடணும்.”

“என்ட கேம் நாலும்?”

“அதுகளும் போகும்.”

அவர் போட்டது லினக்ஸ். முன்பிருந்த விண்டோஸ் கடைக்காரன் ஏற்றித் தந்த களவுக் கொப்பி என்றும், இது உலகத்தில் யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், ஒருவருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்றும் விளக்கினார். சும்மா கொடுக்கிற சாமான் நன்றாக இருக்குமா என்று நான் கேட்டேன்.

“கோயில்ல பொங்கலும் சும்மாதானே குடுக்கிற. நல்லா இல்லையா?”

ஆனால் மாலையில் கமராவைச் செருகினால் படம் வரவில்லை. மாமா அதைக் கழற்றிப் பார்த்தார், திரும்பவும் செருகினார், உதட்டைப் பிதுக்கினார். கமரா செய்தவன் விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான், லினக்ஸுக்கு எழுதவில்லை, இது இரண்டும் ஒத்து வராது என்றார். நாங்கள் அப்பாவைப் பார்க்கலாம், அப்பா எங்களைப் பார்க்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. அம்மா, “போகட்டும் மனே, குரல் கேக்கும்தானே” என்றாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்தது ஆறுதல் என்பதை நான் கவனித்தேன். ஆனால் எதற்கு ஆறுதல் என்று யோசிக்கவில்லை.

அதே கிழமை அம்மா தலையில் துணி கட்டத் தொடங்கினாள். அடுத்த கிழமை துணிக்குள்ளே முடி இல்லை. நான் பயந்துபோனேன். அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தாழ்ந்த குரலில் சொன்னாள்: அப்பா உயரத்தில் நின்று வேலை செய்கிறார், பத்திரமாக வந்து சேர வேண்டுமென்று கண்ணகி அம்மனுக்கு முடி நேர்ந்திருக்கிறேன்.

“நேத்தி முடியுமட்டும் ஆருக்கும் செல்லப்படாது. செல்லினா பலிக்காது.”

“அப்பாட்டயுமா?”

“அப்பாட்டத்தான் செல்லவே கூடாது.”

நேர்த்தியை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானே புலமைப்பரிசில் பரீட்சைக்கு நூற்றெட்டுக் கற்பூரம் நேர்ந்துவிட்டு, கூட்டாளியிடம் உளறியதால் நான்கு புள்ளியில் தவறியவன். ஆகவே நம்பினேன். ஒரேயொரு சந்தேகம்தான் இருந்தது. இரண்டு நாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“புருவமும் நேந்ததா அம்மா?”

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“நேத்தி நேரக்குள்ள முடி எண்டு மட்டும் செல்லிப்போட்டன் மனே. எந்த முடி எண்டு செல்லல்ல. அம்மன் எல்லாத்தையும் எடுத்திற்றா.”

கணக்கில் இப்படித்தான், அலகைக் குறிப்பிடாவிட்டால் விடை பிழைத்துவிடும் என்று நான் அவளுக்குப் புத்தி சொன்னேன்.

அப்பா விடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கேட்டார். ஒத்து வராவிட்டால் ஒத்து வருகிற ஒன்றை வாங்குவதுதானே. அப்போது ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கரில்தான் குரல் வரும். “றூமில எட்டுப் பேர். ஏழு பேரும் பொஞ்சாதிட முகத்தப் பாத்துக் கதைக்கிறானுகள். நான் மட்டும் இருட்டோட கதைக்கிறன். உன்ட முகமே மறந்துபோயிரும் போல கிடக்கு” என்றார். அம்மா, அந்தக் காலத்தில் கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருந்த ஆட்கள் இல்லையா என்று கேட்டாள். அப்பா, அந்தக் காலத்தில் மாட்டுவண்டியும் இருந்தது என்றார். அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்று சொன்னால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்ற நிலை.

மாமா ஒரு கமரா வாங்கி வந்தார். ஒத்து வரவில்லை. மூன்று கிழமை கழித்து இன்னொன்று. அதுவும் வரவில்லை. இரண்டு தடவையும் அப்பா வெள்ளிக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். இரண்டு தடவையும் மாமா மேசைக்கு அடியில் குந்தி, வயரைப் பிடித்துக்கொண்டு, “சரிவருதில்ல அத்தான், என்ன கோதாரியோ” என்று சத்தமாகச் சொன்னார். அத்தானுக்கு அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த இரண்டு தடவைதான். அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. படம் வரவில்லை என்பது உண்மைதானே.

ஸ்பீக்கரை மாமா கழற்றிவிட்டு ஹெட்போன் வாங்கி வந்தது அதற்குப் பிறகுதான். நான் குசினிப் பக்கம் இருக்கும்போது அம்மா மாமாவிடம் சொன்னது ஒரு நாள் காதில் விழுந்தது. “முப்பது மாடி உசரத்தில ஒரு குழாயில கால வச்சு நிக்கிற மனுசன். மனசு இஞ்ச வந்திட்டா அந்தக் கால் எங்க நிக்கும்? ஏழு மாசம். ஏழு மாசம் மட்டும் அவருக்குத் தெரியாம இருந்தாப் போதும். மறுகா முடியும் வளந்திரும்.” அவள் நேர்த்தியைப் பற்றிப் பேசுகிறாள் என்றே நினைத்தேன். ஏழு மாதம் என்பதும் சரியாக இருந்தது, ஒப்பந்தம் முடிய அவ்வளவுதான் மிச்சம்.

பட்டியலை நான் கண்டது ஒரு புதன்கிழமை. மாமாவின் மேசை லாச்சியில் கம்பி அடித்த ஏழு தாள்கள். லினக்ஸுக்கு எந்தெந்தக் கமரா ஒத்து வரும் என்று உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் தாங்கள் செருகிப் பார்த்து எழுதிய பட்டியலை அவர் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கமராவுக்கும் ஒரு பெயர், ஓர் எண், ஒரு குறிப்பு. அந்த எண்தான் என்னை மயக்கியது. நான்கு இலக்கம், நடுவில் இரட்டைப் புள்ளி, மறுபடி நான்கு இலக்கம். எண்களுக்குள் இங்கிலிஷ் எழுத்துகளும் கலந்திருந்தன, அரிசிக்குள் உளுந்து விழுந்ததுபோல. உலகத்தில் உள்ள ஒவ்வொரு கமராவுக்கும் அடையாள அட்டை இலக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கமராக்கள். அவற்றில் இருபத்துமூன்றுக்குப் பக்கத்தில் மாமா சிவப்புப் பேனையால் புள்ளி வைத்திருந்தார்.

அந்த இருபத்துமூன்றின் குறிப்புகளையும் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான் எழுதியிருந்தது: வேலை செய்யாது. வேலை செய்யாததை அடையாளம் பண்ணி வைத்திருப்பது புத்திதான். ஆனால் மாமா வாங்கி வந்த இரண்டு கமராக்களின் பெட்டிகளையும் எடுத்துத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் சிவப்புப் புள்ளி வைத்தவை. இருநூற்றுப் பதினான்கில் நூற்றுத் தொண்ணூற்றொன்று வேலை செய்யும் என்று தாளில் போட்டிருக்க, இந்த மனுசன் இரண்டு தடவையும் வேலை செய்யாததையே தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார். அவருக்குக் கணக்கு வராது என்று அம்மா பகிடியாகச் சொல்வது உண்மைதான் என்று முடிவு செய்தேன். சொன்னால் வெட்கப்படுவார் என்று அவரிடம் சொல்லவில்லை. நானே செய்து முடிப்பதென்று தீர்மானித்தேன்.

ஒரு தடங்கல் இருந்தது. கமரா வேலை செய்தால் அப்பா அம்மாவின் தலையைக் கண்டுவிடுவார். இதை இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ஒரு விடை கிடைத்தது. நேர்த்தியைச் சொல்லப்படாது என்றுதான் விதி. காட்டப்படாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா வாயைத் திறக்கப் போவதில்லை, நானும் திறக்கப் போவதில்லை. அப்பா தானாகக் கண்டு, தனக்காக அம்மா முடி கொடுத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டால் அதில் அம்மனுக்கு என்ன குறை? முடி என்று மட்டும் சொன்னதால் புருவத்தையும் எடுத்த அம்மன், சொல்லைத்தான் பார்ப்பாள் என்பது எனக்கு உறுதியாக இருந்தது.

என் வகுப்பில் ஒரு பொடியன் இருந்தான். அவனுடைய அப்பா கலியாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரர். அவர்கள் வீட்டில் கணினியில் செருகுகிற கமரா ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பட்டியலில் தேடினேன். நான்காம் தாள், மேலிருந்து ஒன்பதாவது. சிவப்புப் புள்ளி இல்லை. செருகியவுடன் வேலை செய்யும் என்று குறிப்பு.

“வெள்ளி பின்னேரம் மட்டும்தான். நாப்பது கணக்குச் செய்து தரணும்” என்றான்.

“முப்பது.”

“நாப்பது. அதோட லென்ஸில கை வைக்கப்படாது. கை பட்டா அப்பா கண்டுபிடிச்சிருவார், என்ட தோல உரிச்சிருவார்.”

நாற்பதுக்கு ஒத்துக்கொண்டேன். எல்லாம் பின்னக் கணக்குகள்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் இல்லை. கல்முனைக்கு ஒரு வேலையாகப் போகிறேன் என்று காலையிலேயே மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். அம்மா ஆறாவது தடவை கொழும்பு போய் வந்து நான்கு நாள். அந்த நாட்களில் அவள் பகலில் பெரும்பாலும் படுத்தே இருப்பாள். நான் நான்கு மணிக்குக் கமராவைச் செருகினேன். சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒரு மூலையில் என் முகம். கதவு நிலை. அதற்குப் பின்னால் யன்னல், யன்னலுக்கு அப்பால் வாவி, ஒரு தோணி. எல்லாம் இருந்தது. கட்டாரிலிருந்து அப்பா எங்கள் வாவியையும் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். நீல விளக்கை யாரும் கவனிக்காதபடி கமராவுக்குப் பக்கத்தில் சாமிப் படத்தை நகர்த்தி வைத்தேன். திடீரென்று காட்டினால் சந்தோஷம் இரண்டு மடங்காகும் என்பது என் கணக்கு.

நாலரைக்கு அழைப்பு வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். துணிக்கு மேல் ஹெட்போன் மாட்டினால் நெரிக்கிறதென்று, வெள்ளிக்கிழமை கதைக்கும்போது மட்டும் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்கும் அவிழ்த்தாள். மாட்டினாள். திரையில் வந்த அப்பாவைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

நான் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கண்கள் மேலும் கீழும் போயின. பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். சந்தோஷத்தில் வாயைப் பொத்துகிறவர்களை நான் கண்டதில்லை. கட்டாரில் அப்படிப் பழக்கமோ என்று நினைத்தேன்.

“என்ன... ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க?” என்றாள் அம்மா. அவள் பார்வை திரையின் மூலைக்குப் போனது. அங்கே அவள் தன்னையே கண்டாள்.

இரண்டு கைகளாலும் முதலில் தலையை மூடினாள். தலையைக் கைகளால் மூட முடியாது என்று தெரிந்ததும் ஒரு கையை நீட்டிக் கமராவைப் பொத்தினாள். திரையின் மூலை முழுக்க அவளுடைய உள்ளங்கை சிவப்பாக நிறைந்தது. “அம்மா, லென்ஸில கை வைக்கப்படாது!” என்று நான் கத்தினேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த ஒரே கவலை அதுதான்.

அப்பா பேசியது எனக்குக் கேட்கவில்லை, அது ஹெட்போனுக்குள் இருந்தது. அம்மா சொன்னது மட்டும் கேட்டது.

“இல்லங்க... நேத்தி... இல்ல... ஓம்.” திரையில் அப்பாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. “மாசியில இருந்து... ஓம், கொழும்பிலதான்... தம்பிக்குத் தெரியும். அவன ஏசாதீங்க, நான்தான் செல்லப்படாது எண்ட... இஞ்ச பாருங்க. இஞ்ச பாருங்க நான் செல்லுறத. நாளைக்கு மேல ஏறாதீங்க. காய்ச்சல் எண்டு செல்லிப் படுங்க. உங்களக் கும்பிட்டன், நாளைக்கு மட்டும் மேல ஏறாதீங்க.”

அழைப்பு முடிந்தது. அம்மா துணியை எடுத்துத் தலையில் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது. அவள் என்னை ஏசவில்லை.

“கமரா நல்லா வேல செய்யுது மனே” என்றாள்.

மாமா வந்தபோது ஐந்தே கால். கையில் ஒரு பை. படியில் ஏறும்போதே அம்மாவின் முகத்தையும், மேசையையும், நீல விளக்கையும் கண்டார். பையை மேசையில் வைத்தார். உள்ளே இன்னொரு கமராப் பெட்டி. நான் எட்டிப் பார்த்தேன். அதன் பெயர் எனக்குத் தெரியும், ஆறாம் தாள், சிவப்புப் புள்ளி.

“எங்கடா எடுத்த இத?”

நான் சொன்னேன். பிறகு இவ்வளவு நாளும் அடக்கி வைத்ததையும் சொல்லிவிட்டேன். “மாமா, நீங்க சிவப்புப் புள்ளி போட்டதுகளையே வாங்கினா எப்பிடி வேல செய்யும்? புள்ளி போடாததத்தானே வாங்கணும்?”

அவர் என் தலையில் கை வைத்தார்.

“ஓம்டா கிழவா,” என்றார். “எனக்குக் கணக்கு வராதுதானே.”

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்பதை எனக்கு முறையாக யாரும் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வீட்டுக்கு வந்து போனவர்களின் பேச்சிலிருந்து பொறுக்கிச் சேர்த்துக்கொண்டேன். அப்பா அடுத்த நாள் மேலே ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டை மீட்டு அவர் வந்து சேர முப்பத்தொன்பது நாளாயிற்று. அம்மா அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஐந்து மாதமும் பதினொரு நாளும் இருந்தாள். ஒப்பந்தம் முடித்து அப்பா வந்திருந்தால் ஒரு மாதமும் இருபது நாளும் பிந்தியிருப்பார். இந்தக் கழித்தலை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை மாறுவதில்லை. என் கையில் கடவுள்தான் அந்தக் கமராவைக் கொடுத்தார் என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் அம்மா இருந்த அவ்வளவு நாளும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடி வளர்ந்து, புருவம் வளர்ந்து, பஸ் தரிப்பில் போய் நின்று அவரைக் கூட்டிவர அவள் நினைத்திருந்தாள். அவரைக் கூட்டிவர மாமாதான் போனார்.

மாமாவைப் பற்றித் தெரிந்தது வெகு காலத்துக்குப் பிறகு. நான் படித்து முடித்து, கணினி வேலைக்கே போய், மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தேன். லினக்ஸுக்கு ஒத்து வருமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த வயதானவர் நிமிர்ந்து பார்த்தார். ஊர் கேட்டார், சொன்னேன்.

“உங்கட ஊரால முந்தி ஒரு பொடியன் வாற. ஒரு மாதிரியான ஆள். எல்லாரும் வேல செய்யிற சாமான் கேட்டு வருவாங்க. அவன் தாள் கட்டையும் கொண்டு வந்து, லினக்ஸுக்கு ஒத்து வராத கமரா இருக்கா, இருக்கா எண்டு கேப்பான். இல்ல தம்பி, இப்ப வாறதெல்லாம் ஒத்து வருது எண்டா அழுவான் போல நிப்பான்.”

அந்த நாட்களில் வேலை செய்கிற கமரா எந்தக் கடையிலும் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாலும் படம் வந்திருக்கும். பழைய இருப்பில், தூசி படிந்த பெட்டிகளில், யாரும் வாங்காமல் கிடந்ததைத் தேடி மாமா களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை வரைக்கும், டவுன் வரைக்கும், ஏறாவூர் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் அலைந்திருக்கிறார். வேலை செய்கிற ஒன்றை வாங்கி, செருகாமலே வைத்துக்கொண்டு படம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வயரை அறுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அத்தானிடம் “சரிவருதில்ல” என்று சொல்லும்போது அது சரிவராததாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தார் போலும். இப்போது அவர் கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் பேசுவோம். இதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருப்பது, அப்பா அம்மாவின் தலையைக் கண்ட நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. கமராவை ஸ்டூடியோக்காரர் மகனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மாமா நேரில் போய் அவனுடைய அப்பாவிடம் பேசி அதை விலைக்கே வாங்கி வந்துவிட்டார். நாலு மணிக்கே அம்மா குளித்து, பச்சைச் சேலை உடுத்து, துணி கட்டாமல் வந்து உட்கார்ந்தாள். பொட்டு வைத்திருந்தாள். புருவம் இல்லாத நெற்றியில் பொட்டு சற்று மேலே போய்விட்டது.

அழைப்பு வந்தது. “தெரியுதா?” என்று கேட்டாள். அப்பா தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அம்மா பேசவில்லை. அப்பாவின் வாயும் அசையவில்லை. நான் கதவு நிலையோடு சாய்ந்து நின்று காத்திருந்தேன், என் உயரத்தை யாரும் கேட்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். பன்னிரண்டு நிமிடம். இருபது நிமிடம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொங்கிளில் டேட்டா வீணாகிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மேசைக்கு அடியில் புகுந்து வயர்களைப் பார்த்தேன். பச்சை வயர் பச்சைத் துளையில், சிவப்பு சிவப்பில், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்து அம்மாவின் காதிலிருந்து ஒரு பக்க ஹெட்போனை விலக்கி என் காதை வைத்தேன். எங்கோ ஒரு காத்தாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. வேறொரு அறையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அப்பாவின் குரல் மட்டும் வரவில்லை.

கொப்பியை எடுத்து அன்றைய திகதி போட்டு எழுதி வைத்தேன்: கமரா நல்லம். மைக்தான் ஒத்து வரவில்லை. மாமாவிடம் சொல்லி அடுத்த வெள்ளிக்குள் வேறொன்று வாங்க வேண்டும்.